நனைந்த விதைமூட்டையும் நண்டு வளையும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு பழைய பிக்கப் வண்டியும் வைத்திருக்கும் விவசாயி அவர். வண்டி புதிதாக வாங்கியது அல்ல. இன்னொருவர் ஆறு வருடம் ஓட்டியதை இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கினார். தன் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவது, ஊர்க்காரர்களுக்கு உரமூட்டை ஏற்றி வருவது, கோடையில் வைக்கோல் ஏற்றுவது என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஓட்டுவது அவருடைய அக்கா மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிகிறது.

போன வருடம் புரட்டாசி மாதக் கடைசியில் இது நடந்தது. குறுவை அறுத்து முடித்து, தாளடிக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருந்தார். ஆடுதுறை 46 ரகத்தில் சான்று பெற்ற விதை, 20 கிலோ மூட்டையாக இரண்டு வாங்கியாயிற்று. மத்திய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ போதும். இரண்டு ஏக்கருக்கு 32 கிலோ போக, மீதி கையிருப்பாக இருக்கட்டும் என்று கணக்கு.

விதை வாங்கி வந்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் உமியும் உரமும் அடைத்துக் கிடந்ததால், "கேபினுக்குள்ளேயே இருக்கட்டும், அதவிடப் பத்திரமான இடம் ஏது" என்று அவரே சொன்னார். ஒரு மூட்டை சீட்டின் மேல் இருந்தது. இன்னொன்று இடது பக்கக் காலடியில், மேட்டின் மேல். மழை மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. நாற்றங்காலில் தண்ணீர் நின்றதால் விதைப்பைத் தள்ளிப்போட்டார்.

நான்காம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் புளித்த வாடை. சீட்டின் மேல் இருந்த மூட்டைக்கு ஒன்றும் இல்லை. காலடியில் இருந்த மூட்டையைத் தூக்கினால் அடிப்பக்கம் சொட்டியது. பிரித்துப் பார்த்தபோது அடியில் பாதிக்கு மேல் முளை விட்டுப் பின்னிக் கிடந்தது. கையை உள்ளே விட்டால் சூடு. நடுவில் வெள்ளைப் பூசணம் வேறு.

அந்த நேரம் பார்த்து அக்கா மகன் வந்து நின்றான்.

"ராத்திரி வண்டிய விடுறப்ப கண்ணாடிய ஏத்தி விட்டியாடா?"

"ஏத்திட்டுத்தான் மாமா சாவியக் குடுத்தேன்."

"அப்ப தண்ணி தானா கதவத் தெறந்துக்கிட்டு உள்ள வந்துச்சா? மூணு நாள்ல ஒரு ராத்திரியாவது இறக்கி விட்டுட்டுப் போயிருப்ப. இந்த மூட்டக் காச உன் கூலியிலதான் கழிக்கணும்."

வாசலில் களையெடுக்க வந்த பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பக்கத்து ஊரில் யாரோ ஒருவருடைய டிராக்டரை ஓட்டப் போய்விட்டான் என்று சேதி வந்தது.

முளைக்காமல் மேலே இருந்த விதையையாவது காப்பாற்றலாம் என்று அவர் அதைத் தனியாக எடுத்து நிழலில் உலர்த்தினார். நூறு விதையை எண்ணி, ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்தார். சான்று விதை என்றால் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும். நாள் முடிந்து சாக்கை விரித்து எண்ணியபோது அறுபதைத் தாண்டவில்லை. இந்த விதையை நம்பி நாற்று விட்டால் வயல் நடுவே நாற்று பற்றாமல் போகும். வேறு விதை தேடி அலைந்து, நாற்று விட ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது. தாளடியில் ஒரு வாரம் என்பது சாதாரணமல்ல. நட்டு வேர் பிடிக்கும் முன்பே கார்த்திகை மழை வந்து பயிர் தண்ணீருக்குள் நின்றுவிடும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்.

பூசியும் நிற்காத தண்ணீர்

அடுத்த மழையின்போது வண்டியை யாரும் எடுக்கவில்லை. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு கண்ணாடியையும் அவரே ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டினார். காலையில் பார்த்தால் இடது காலடியில் மறுபடியும் தண்ணீர்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதை யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தார். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டுக்கு மேலே இருப்பது முன்கண்ணாடி. அதன் அடி விளிம்பில்தான் ஓட்டை என்று முடிவு கட்டினார். ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிகான் டியூப் வாங்கி வந்து, உள்பக்கம் கை எட்டிய இடமெல்லாம் பிதுக்கித் தடவினார். மழை வந்தது, தண்ணீரும் வந்தது. இன்னொரு டியூப் வாங்கி வெளிப்பக்கம் அடி விளிம்பு முழுக்கப் பூசினார். அப்போதும் தண்ணீர் நிற்கவில்லை. முன்பைவிட மேட் அதிகமாக நனைந்ததைப்போலத்தான் தெரிந்தது.

மூன்றாவது டியூபோடு அவர் வந்தபோது, நெல் புடைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டார்:

"ஏங்க, கீழ்வயல்ல தண்ணி கசியுற எடத்துலயே மண்ண அள்ளிப் போட்டா நண்டு வளை அடைஞ்சிடுமா?"

நண்டு வளை அடைப்பது அவருக்குப் புதிய வேலை அல்ல. நாற்பது வருடமாகச் செய்வது. மேல்வயலில் கட்டிய தண்ணீர் வரப்பின் வழியாகக் கீழ்வயலில் கசிந்தால், கசியும் இடத்தில் மண் வைத்துப் பயனில்லை. உள்ளே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும், அல்லது பக்கத்தில் இன்னொரு வழி பார்த்துக்கொள்ளும். வளை வரப்புக்குள் வளைந்து வளைந்து போகும். வெளியே வரும் இடத்துக்கு நேர் எதிரே வாய் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. மேல்வயலில் இறங்கி, வரப்பை ஒட்டிக் கொஞ்சம் உமியைத் தூவினால், வாய் இருக்கும் இடத்தில் உமி சுழன்று உள்ளே போகும். அந்த வாயைத் தோண்டி, களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்தால்தான் கசிவு நிற்கும்.

வண்டிக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர் சொட்டும் இடம் கீழ்வயல். மழை விழும் வெளிப்பக்கம் மேல்வயல். வாய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கீழ்வயலிலேயே இரண்டு டியூப் மண் வைத்திருக்கிறார்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை

காலடியில் தண்ணீர் நின்றாலே முன்கண்ணாடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார். வண்டி வைத்திருக்கும் எவரும் இதே வரிசையில் பார்க்கலாம்.

ஏ.சி. உள்ள வண்டியில், ஏ.சி. போடும்போது மட்டும் தண்ணீர் வந்தால், அதன் வடிகுழாய் அடைத்திருக்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரும் நீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைநீரே அல்ல, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். ஹீட்டர் உள்ள வண்டியில் அது உள்ளே ஒழுகும். அதை உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இவர் வண்டியில் ஏ.சி.யும் இல்லை, ஹீட்டரும் இல்லை. வந்தது வெறும் மழைத் தண்ணீர்.

அடுத்தது கதவு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலும் நசுங்கியிருந்தாலும் தண்ணீர் வரும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். இறுக்கமாக வந்தால் ரப்பர் அந்த இடத்தில் பிடிக்கிறது. தாள் தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் பிடிக்கவில்லை. கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கும் நீர் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சேறு அடைத்தால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கி உள்பக்கம் வழியும். ஒரு குச்சியால் குத்திவிட்டாலே போதும்.

மூன்றாவது, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பர் இருக்கும் பள்ளம். கண்ணாடியில் விழும் மழையெல்லாம் இங்கேதான் இறங்கும். அவர் வண்டி நிற்பது வாசல் புங்கமரத்தடியில். பள்ளத்தைக் கிளறியபோது இரண்டு கைப்பிடி மக்கிய புங்க இலை வந்தது. வடிகால் அடைத்தால் அங்கே குளம் கட்டி, காற்று வரும் வழியாக உள்ளே போகும். அதைச் சுத்தம் செய்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கியது. கேபினுக்குள் சொட்டவில்லை.

கூரைமேல் கேரியருக்காகவோ விளக்குக்காகவோ துளை போட்டிருந்தால் அந்த போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். இவர் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது முன்கண்ணாடிதான்.

கீழிருந்து மேலே

ஒரு வெயில் நாளில் இருவரும் வேலையில் இறங்கினார்கள். மேட்டையும் அதற்கடியில் இருந்த கம்பளியையும் எடுத்து வெயிலில் போட்டு, கேபின் தரையைத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். உள்ளே பழைய ஈரம் இருந்தால் புதிய சொட்டு எது என்று தெரியாது. கண்ணாடியின் உள்விளிம்பு, இரண்டு பக்கத் தூண்கள், டேஷ்போர்டுக்கு அடியில் தெரியும் தகரம் எல்லாவற்றிலும் குழந்தைக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவினார்கள். பவுடரில் ஒரு சொட்டு ஓடினாலும் கோடு விழும். தூணை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி வைத்தார்கள்.

பிறகு அவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து இரண்டு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். மனைவி வெளியே தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். வேகமாகப் பீய்ச்சக் கூடாது. அழுத்தமாக அடித்தால் மழையில் ஒழுகாத இடம்கூட ஒழுகும், நல்ல ரப்பரும் தூக்கிக்கொள்ளும். மழை வழிவதைப்போல நிதானமாக விட வேண்டும்.

ஊற்றுவதை அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா விளிம்பையும் நனைத்துக்கொண்டு இறங்கிவிடும், எது ஒழுகியது என்று பிரிக்க முடியாது. முதலில் அடி விளிம்பு மட்டும், பத்து நிமிடம். உள்ளே பவுடர் பவுடராகவே இருந்தது. இரண்டு டியூப் சிலிகான் பூசிய இடம் அது. அங்கே ஓட்டையே இல்லை. அடுத்து வலது பக்கம், கீழிருந்து மேலாக. ஒன்றும் இல்லை. பிறகு இடது பக்கம், பாதி உயரம் வரை. ஒன்றும் இல்லை.

"எனக்குக் கை வலிக்குது. இன்னும் எவ்ளோ நேரங்க?"

"மேல் மூலையில விடு."

இடது மேல் மூலையில் குழாயைப் பிடித்து நான்கு நிமிடம் போயிருக்கும். கண்ணாடி ஓரத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில், தூணின் உள்பக்கம் பூசிய பவுடரில் ஒரு கோடு மெதுவாகக் கீழே இறங்கியது. தூணோடு இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்து, கொஞ்ச நேரத்தில் காலடித் தகரத்தில் 'சொட்' என்று விழுந்தது. மூட்டை இருந்த அதே இடம்.

தண்ணீர் நுழைந்தது கூரையோரம். தெரிந்தது காலடியில். நடுவில் நாலடி தூரம் தூணுக்குள் மறைந்து வந்திருக்கிறது. புங்கமரத்தடி வாசல் இடது பக்கமாகச் சரிந்திருக்கும். வண்டி அங்கே நிற்கும்போது கூரையில் விழும் மழையெல்லாம் அந்த மூலைக்கே போய்ச் சேரும். மேடான ரோட்டில் ஓடும்போதும் சமமான இடத்தில் நிற்கும்போதும் ஒழுகாததற்கு அதுதான் காரணம்.

அந்த மூலைக்கு மேலே ஒரு கோணித்துணியை நனைத்துப் போட்டு இன்னொரு முறையும் சரிபார்த்தார்கள். மறுபடியும் அதே கோடு. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பது அவர் இரண்டு டியூப் செலவில் கற்றது.

ஆள் துணைக்கு இல்லாதவர்கள் இன்னொரு வழியில் பார்க்கலாம். கண்ணாடி, கதவெல்லாம் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி ஓடவிட வேண்டும். கேபினுக்குள் காற்று கொஞ்சம் அடர்ந்து, ஓட்டை வழியாக வெளியேறப் பார்க்கும். வெளியே கண்ணாடி விளிம்பு முழுக்கச் சோப்பு நுரைத் தண்ணீரைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். டியூப் பஞ்சர் பார்ப்பதைப் போன்றதுதான். ஃபேன் வசதி உள்ள வண்டிகளுக்கே இது ஆகும்.

ரப்பருக்கு அடியில் துரு

டவுனில் வண்டிக் கண்ணாடி மாட்டுபவரிடம் கொண்டுபோனார். அவர் முதலில் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நல்ல ரப்பர் அமுங்கி மீளும். இது காய்ந்த தோலைப்போல இருந்தது. ரப்பரின் இரண்டு நுனியும் சேரும் இடம் அந்த மேல் மூலைக்குப் பக்கத்தில்தான். அங்கே ரப்பர் சுருங்கி, ஒரு நெல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"அண்ணே, இந்தக் கண்ணாடி முன்னாடியே ஒருதடவ மாத்துனது. கல்லு கில்லு பட்டிருக்கும். கண்ணாடி புதுசு, ரப்பர் பழசு. காசு மிச்சம்னு பழசையே மாட்டி விட்டிருக்காங்க."

வண்டி கைமாறி வரும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். கண்ணாடி ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்ப்பவர் இல்லை.

ரப்பரை அவர் பிடுங்கவில்லை. வெளி உதட்டைக் கத்தியால் அறுத்தெடுத்தார். எப்படியும் மாற்றப் போகும் ரப்பர். அதை அறுத்தால் கண்ணாடி நோகாமல் கழன்று வரும். நெம்பினால் விரிசல் விடும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகட்டின் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. ஓரத்தில் நெம்பும்போது ஒரு தகடு விரிந்தாலும் முழுக் கண்ணாடியும் போயிற்று.

கண்ணாடி வெளியே வந்ததும் உண்மையான சேதம் தெரிந்தது. மூலைத் தகரத்தில் துரு பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. துரு ரப்பரைத் தூக்கியிருக்கிறது. தூக்கிய இடத்தில் தண்ணீர் நின்று இன்னும் துரு பிடித்திருக்கிறது. அடி விளிம்பிலும் இப்போதுதான் புதிதாகத் துரு ஆரம்பித்திருந்தது. அங்கே அவர் பூசிய சிலிகானின் வேலை அது. ரப்பருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வழியவும் விடாமல் அந்தப் பூச்சு தடுத்திருக்கிறது. போதாததற்கு, காயும்போது காடி வாடை வரும் வகை சிலிகான் அது. அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம். பெயின்ட் போன வெறும் தகரத்தில் அது பட்டால் துருவை வளர்க்கும். ஜன்னலுக்கும் தொட்டிக்கும் அது சரி, வண்டித் தகரத்துக்கு ஆகாது.

துருவைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பான தகரம் தெரியும்வரை தேய்த்தார்கள். பழைய சிலிகானைத் துளிகூட விடாமல் சுரண்டினார்கள். அதன்மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. துருவை அடக்கும் மருந்து, பிரைமர், பெயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பூசிக் காயவிட்டார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புது ரப்பர் போட்டும் அடுத்த வருடம் அதே கதைதான்.

புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார்கள். தகர விளிம்பைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு உறுதியான நைலான் கயிற்றைச் சுற்றிலும் வைத்து, இரண்டு நுனியையும் நடு அடியில் வெளியே விட்டார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து இன்னொருவர் கயிற்றை மெதுவாக இழுத்தார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. கடைசியாக ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், வண்டிக் கண்ணாடிக்கென்றே விற்கும் பசையை விட்டார்கள். ரப்பர் நுனிகள் சேரும் இடத்தை இந்தத் தடவை மேலே விடவில்லை. அடியில், நடுவில் வைத்தார்கள்.

இது ரப்பர் வைத்த வண்டிக்கு. புதிய வண்டிகள் பலவற்றில் ரப்பர் இருக்காது. யூரித்தேன் என்ற பசையால் கண்ணாடியைத் தகரத்தோடு ஒட்டியிருப்பார்கள். அந்தக் கண்ணாடி மழைக்கு மட்டும் மறைப்பு அல்ல. வண்டி கவிழ்ந்தால் கேபின் நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் அதைக் கழற்றி ஒட்டுவதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்து, பசை டியூபில் எவ்வளவு நேரம் வண்டியை எடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் எடுக்காமல் இருக்க வேண்டும். அதற்குள் கதவை அடித்துச் சாத்தினாலும் உள்ளே அடையும் காற்று ஈரப்பசையைத் தள்ளிவிடும். கதவுக் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வைப்பது நல்லது.

ஈரம் விட்டுப்போன வேலை

கண்ணாடி சரியானதோடு வேலை முடியவில்லை. இரண்டு மாதமாகவே அந்த வண்டியில் ஹாரன் சிலசமயம் அடிக்காது, சிலசமயம் தானாக அடிக்கும். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில், அந்தத் தூண் ஓரம்தான். திறந்து பார்த்தால் ஒயர் முனைகளில் பச்சைப் பூஞ்சணம்போலக் களிம்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியன் அதைச் சுத்தம் செய்தார். காலடிக் கம்பளியை வெயிலில் இரண்டு நாள் காயவைத்தார்கள். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அதை அப்படியே போட்டால் தரைத்தகரம் அரித்துப் பொத்தலாகும். தரையிலும் கொஞ்சம் துரு இருந்தது. தேய்த்துப் பெயின்ட் அடித்தார்கள்.

மறுநாள் மறுபடியும் குழாயைப் பிடித்து, அதே மூலையில் கால்மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். பவுடரில் கோடு விழவில்லை.

அக்கா வீட்டு வாசலில்

அன்று மாலையே அவர் அக்கா வீட்டுக்குப் போனார். மனைவி கூட வரவில்லை. "நீங்க தனியா போறதுதான் மொற" என்றார்.

பையன் டிராக்டர் வேலை முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தூணோரம் நின்றார்.

"வண்டி மேல் மூலையில ஒழுகியிருக்குடா. கண்ணாடி ஏத்தினியா, இல்லியாங்கறதே இல்ல. நாலு பேர் முன்னால உன்னப் பேசிட்டேன். தப்பு என்னுது."

பையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினான்.

"சித்திரையிலயே சொன்னனே மாமா. போர்செட்டுல வண்டி கழுவினா மேட் ஈரமா இருக்குதுன்னு. கழுவறப்ப கதவத் தெறந்து வச்சிருப்பன்னு சொன்னீங்க."

அவருக்கு அது நினைவிருந்தது. சொன்னபோது ஏதோ உரக்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அன்று காது கொடுத்திருந்தால் சித்திரை வெயிலிலேயே ரப்பர் மாற்றி முடித்திருக்கலாம். தகரம் அவ்வளவு அரித்திருக்காது. விதை போயிருக்காது. ஒரு வார நாற்று தள்ளியிருக்காது.

தினமும் வண்டியில் ஏறி இறங்குகிறவனுக்குத்தான் முதல் ஈரம் தெரிகிறது. வயலில் தினமும் மடை பார்ப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் நண்டு வளை தெரிவதைப் போல. அவன் சொன்னதை அவர் பழுதின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை, கவனக்குறைவுக்குச் சாக்காக எடுத்துக்கொண்டார்.

டிராக்டர்க்காரரிடம் ஒப்புக்கொண்ட வேலை முடியும்வரை அங்கேதான் ஓட்டுவேன் என்று பையன் சொன்னான். அவரும் வற்புறுத்தவில்லை. கழித்துக்கொள்வதாகச் சொன்ன கூலியை எண்ணி அக்கா கையில் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு காலையில் பையன் வந்து, திண்ணையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான். வண்டியைப் புங்கமரத்தடியிலிருந்து நகர்த்திச் சமமான இடத்தில் நிறுத்தினான். பிறகு மேட்டைத் தூக்கி, கையால் தடவிப் பார்த்தான்.

இப்போது அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. விதை மூட்டை எதுவானாலும் கேபினில் இரவு தங்காது. வீட்டுக்குள், தரையில் படாமல், மரக்கட்டையின் மேல்தான். ஆவணி கடைசியில், மழைக்கு முன்பு ஒருநாள், மாமா டார்ச்சோடு உள்ளே உட்காருவார், பையன் வெளியே குழாயைப் பிடிப்பான். வைப்பர் பள்ளத்து இலையை எடுப்பது, கதவடித் துளையைக் குத்திவிடுவது, ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்ப்பது, அடியிலிருந்து மேலே தண்ணீர் விடுவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. வரப்பைச் சுற்றிவந்து வளை பார்க்கும் அதே பருவத்தில் இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.